பழைய ஜீப்புக்கு முழு ஒயரிங்: எங்கே எந்த டேப், எந்த பைப்?

#1 மலைப்பாதை

வணக்கம். டீசல் மகிந்திரா ஜீப், 12 வோல்ட். பழைய ஒயரிங் முழுசும் கழட்டிட்டு புது ஒயர் இழுத்து, டெர்மினல் கிரிம்ப் பண்ணி (ஒயர் நுனியில அழுத்திப் பிடிக்க வெச்சு), கப்ளரும் (ஒயர்களைச் சேர்க்குற பிளக்) மாட்டி வெச்சிருக்கேன். சுத்துற வேலை மட்டும் பாக்கி.

டாஷ்போர்டுக்குள்ள 22 ஒயர், எல்லாம் 1 சதுர மி.மீ. மெயின் கட்டு 1.5 மீட்டர், கிளை எல்லாம் சேர்த்து 4 மீட்டர் வரும். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற தகரச் சுவர்) தாண்டி எஞ்சின் பக்கம் 12 ஒயர், 1.5 சதுர மி.மீ., 2.5 மீட்டர். பின் லைட்டுக்கு சேஸிஸ் (அடிச்சட்டம்) ஓரமா 1.5 சதுர மி.மீ.ல 6 ஒயர், 3 மீட்டர். எல்லாமே எஃப்எல்ஆர்ஒய்னு சொல்ற மெல்லிய பிவிசி கார் ஒயர், 105 டிகிரி வரை தாங்கும்.

கடையில கறுப்பு பிவிசி டேப், கொருகேட்டட் பைப் (மடிப்பு மடிப்பா இருக்குற பிளாஸ்டிக் பைப்), வலை ஸ்லீவ், ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்குற ஸ்லீவ்)னு நாலு சாமான் காட்டுறாங்க. நல்லதா ஒண்ணை வாங்கி முழுசும் போட்டுடலாமா?

#2 ஹார்னஸ்_பலகை

ஒரே சாமான் வேண்டாம். ஒயரைக் கெடுப்பது இடத்துக்கு இடம் மாறும். டாஷ்போர்டுக்குள் தகர விளிம்பில் உரசலும் கடகடச் சத்தமும். எஞ்சின் பக்கம் சூடு, டீசல், ஆயில். சேஸிஸில் தண்ணீர், சேறு, கல்லடி. இந்த மூன்றுக்கும் ஒரே டேப் சரிவராது.

முதலில் சூட்டைப் பாருங்கள். வண்டிக்குள் ஓடும் ஒயருக்கு 85 டிகிரி என்று கணக்கு வைப்பது வழக்கம். டாஷ்போர்டு மேல்தகட்டை ஒட்டிப் போனால் 105. எஞ்சின் ரூமில் பாடி ஓரமாக ஓடும் கட்டுக்கும் 105. எஞ்சின் மேலேயே கிளிப் போட்டு ஓடினால் 125. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) அருகில், தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், 150-க்கு மேல்.

உங்கள் ஒயர் 105 டிகிரி. அதன் மேல் 150 டிகிரி டேப்பைச் சுற்றினாலும் உள்ளே இருப்பது 105 டிகிரி ஒயர்தான், டேப் அதன் தகுதியை உயர்த்தாது. அதனால் டெம்பரேச்சர் சென்டர் (எஞ்சின் சூட்டை அளக்கும் உணரி), ஆயில் பிரஷர் சுவிட்ச் போல எஞ்சின் மேல் ஓடும் ஒயர்களை மட்டும் 125 டிகிரி எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்பு பாலிஎதிலீன் இன்சுலேஷன்) ஒயராக மாற்றிவிடுங்கள். சுற்றிய பிறகு இதைச் செய்வது இரட்டை வேலை.

டாஷ்போர்டுக்குள்: ஃபிளீஸ் டேப், அதாவது கம்பளி போல மெத்தென்ற துணி டேப். கையால் கிழிக்கலாம், மெத்தென்று இருக்கும், தகரத்தில் பட்டாலும் சத்தம் வராது. டெசா கம்பெனியின் 51608 இந்த ரகம், 105 டிகிரி வரை. ஆனால் ஃபிளீஸ் தண்ணீரையும் ஆயிலையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஃபயர்வாலைத் தாண்டி வெளியே கொண்டுபோகக் கூடாது.

எஞ்சின் ரூம்: பாலியஸ்டர் துணி டேப், ஒட்டு அக்ரிலிக்காக இருக்க வேண்டும். டெசா 51036 இந்த வகை, 150 டிகிரி. அதன் மேல் கொருகேட்டட் பைப்.

சேஸிஸ்: அதே துணி டேப்பை விட்டு விட்டுக் கட்டி, மேலே பைப், நல்ல கிளிப்.

#3 கோவை_எலக்ட்ரிக்

பிவிசி டேப் பத்தி ஒரு வார்த்தை. முழு ஹார்னஸையும் (ஒயர் கட்டு மொத்தமும்) அதுல சுத்துறதுதான் இங்க பெரும்பாலான பட்டறையில நடக்குது. ஆறு மாசத்துல கையெல்லாம் ஒட்டுற மாதிரி பிசுபிசுன்னு ஆகுறதுக்குக் காரணம் இருக்கு.

பிவிசியை வளைய வைக்கிறது அதுல கலந்திருக்கிற பிளாஸ்டிசைசர் எண்ணெய். சூடு ஏற ஏற அது டேப்பை விட்டு ஒட்டுக்குள்ள இறங்குது. ஒட்டு கூழாகுது, டேப் விறைச்சுச் சுருங்குது. சாதாரண எலக்ட்ரிக்கல் டேப் 80 டிகிரிக்குத்தான் செஞ்சிருக்காங்க. இதோட நம்ம ஆளுங்க நல்லா இறுக்கி இழுத்து வேற சுத்துவாங்க. இழுத்த டேப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பாக்கும், அதனாலதான் கடைசி நுனி பிரிஞ்சு கொடி மாதிரி நிக்குது. அந்த இடைவெளியில புழுதி போய் ஒட்டிக்கும்.

3எம் சூப்பர் 33+ மாதிரி நல்ல பிவிசி டேப் 105 டிகிரி வரை தாங்கும். ஒரு இணைப்பை மூட, ஒரு கிளையைப் பிடிக்க அது போதும். அதையே முழு ஹார்னஸ் சுத்துற டேப்பா எடுத்துக்க வேண்டாம்.

சுத்தும்போது:

அகலம் 19 மி.மீ. எடுங்க. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல பாதி ஏறணும். டேப் சுருக்கம் விழாம படியுற அளவுக்கு இழுத்தா போதும். கடைசி ரெண்டு மூணு சுத்து ஒரே இடத்துல, இழுக்காம வெச்சு, கத்தரியால வெட்டி விரலால அழுத்துங்க. இழுத்து அறுக்கவே கூடாது.

செங்குத்தா ஏறுற இடத்துல கீழேருந்து மேல சுத்துங்க. ஓடு வேயுற மாதிரி மேல் சுத்து கீழ் சுத்தோட விளிம்பை மூடும், வழியுற தண்ணி உள்ள போகாது.

கிளை பிரியுற இடத்துல மெயின் கட்டுல ரெண்டு சுத்து, கிளையில ரெண்டு சுத்து, அப்புறம் கவட்டை வழியா குறுக்கா மாத்தி மாத்திப் போடணும். கவட்டை திறந்து இருந்தா டேப் அங்கதான் முதல்ல பிரியும்.

#4 ராலி_ஒயர்

இவ்வளவு பிரிச்சுப் பாக்க வேண்டியதில்லைனு நினைக்கிறேன். ரேகெம் டிஆர்-25 ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வாங்கி முழுசும் போடுங்க. ரேஸ் வண்டியில அதுதான். மைனஸ் 75லேருந்து 150 டிகிரி வரை, டீசல், ஹைட்ராலிக் ஆயில் எதுக்கும் அசையாது, ரப்பர் மாதிரி வளையும். விலை கூடுதல்தான், ஆனா திரும்பத் தொட வேண்டியிருக்காது.

#5 ஹார்னஸ்_பலகை

டிஆர்-25 அருமையான சாமான் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த வண்டியில் அது பொருந்தாததற்குக் காரணங்கள் உண்டு.

அவர் ஏற்கெனவே கப்ளர் மாட்டிவிட்டார். டிஆர்-25 பாதியாகத்தான் சுருங்கும். 10 மி.மீ. கட்டைப் பிடிக்க வேண்டிய ஸ்லீவ் 20 மி.மீ.க்குக் குறைவாகத்தான் வரும், அது பெரிய கப்ளர் மேல் ஏறாது. டெர்மினல் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கிளைக்கும் கோர்த்திருக்க வேண்டும்.

அடுத்தது சூடு. அது சுருங்கவே 150 டிகிரிக்கு மேல் வேண்டும். ரேஸ் ஹார்னஸில் உள்ளே ஓடுவது டெஃப்செல் என்னும் பிளாஸ்டிக் பூசிய எம்22759 ரக ஒயர், அதுவே 150 டிகிரி தாங்கும். இவர் ஒயர் பிவிசி. மூன்று மீட்டர் நீளத்துக்கு ஹீட் கன் ஓட்டினால் எங்காவது ஒரு இடத்தில் இன்சுலேஷன் இளகி ஒயரோடு ஒயர் ஒட்டும், வெளியிலிருந்து அது தெரியாது.

ரேஸ் ஹார்னஸ் வளைவதும் ஸ்லீவால் அல்ல. உள்ளே ஒயர்களை அடுக்கடுக்காக, அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் முறுக்கியிருப்பார்கள். நேராக இழுத்த ஒயர்களை ஸ்லீவுக்குள் இறுக்கினால் கம்பு போல நிற்கும். வளைவில் வெளிப்பக்க ஒயர் இழுபடும், உள்பக்க ஒயர் மடியும்.

பழுது பார்ப்பதையும் யோசியுங்கள். ஜீப்பில் ஃபாக் லைட்டுக்கு ஒரு ஒயர் சேர்க்க நினைத்தால் டேப்பைப் பிரித்து உள்ளே விட்டுத் திரும்பச் சுற்றலாம். ஷ்ரிங்க் ஸ்லீவை நெடுக அறுக்க வேண்டும், அறுக்கும் பிளேடு உள்ளே ஒயரையும் கீறும்.

ஹீட் ஷ்ரிங்க் இங்கே அவசியப்படும் இடம் ஒன்று உண்டு: ஒயரோடு ஒயர் சேரும் இணைப்பு. அதற்கு உள்ளே ஒட்டு பூசிய, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் வகை. கிரிம்புக்கு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் மேல் குறைந்தது 10 மி.மீ. ஏற வேண்டும். இரண்டு நுனியிலும் ஒட்டு வளையம் போல வெளியே கசிந்தால்தான் தண்ணீர் தடுப்பு முழுமை. இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் 40, 50 மி.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் முடிச்சுப் போலப் புடைத்து பைப்புக்குள் போகாது. ஒட்டு சூட்டில் இளகும் என்பதால் இணைப்பை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்க வேண்டாம்.

#6 ராலி_ஒயர்

கப்ளர் மாட்டினதைக் கவனிக்கலை. சரி, அப்போ வலை ஸ்லீவ்? அது கப்ளர் மேல விரிஞ்சு ஏறும்.

#7 ஹார்னஸ்_பலகை

ஏறும். பாலியஸ்டர் வலை, பொதுவாக 125 டிகிரி, பார்க்கவும் நன்றாக இருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே கண்ணில் படும் பகுதிக்குத் தாராளமாகப் போடலாம். சூடான கத்தியால் வெட்டி, இரண்டு நுனியிலும் 25, 30 மி.மீ. ஷ்ரிங்க் போட்டுப் பிடிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் இழை இழையாகப் பிரியும்.

மண் ரோட்டில் ஓடும் ஜீப்பின் அடிப்பக்கத்துக்கு அது ஆகாது. வலைக்கண் வழியாக நுண்மணல் உள்ளே போய்த் தங்கும், வெளியே வராது. வண்டி அதிரும்போது வலைக்கும் ஒயருக்கும் நடுவில் அந்த மணலே உப்புத்தாள் வேலை பார்க்கும்.

#8 கடலோரம்

கொருகேட்டட் பைப்புக்குள்ளயும் மண் போகுமே? நெடுக வெட்டின பைப்தானே எல்லாரும் போடுறது. கடல் காத்து அடிக்கிற ஊர்ல அந்தப் பைப்பைப் பிரிச்சா உள்ள உப்புத்தண்ணி தேங்கி, கிரிம்ப் எல்லாம் பச்சையா பூத்திருக்கு. டேப் மட்டும் சுத்தின ஹார்னஸ் அதைவிட நல்லா இருக்கு.

#9 ஹார்னஸ்_பலகை

நியாயமான கேள்வி. பைப் தண்ணீரைத் தடுக்கும் சாமான் அல்ல; அடி, உரசல் இரண்டுக்கும்தான் அது. தண்ணீர் எப்படியும் நுழையும் என்று வைத்துக்கொண்டு, வெளியேற வழி விட வேண்டும்.

வெட்டு வாய் எப்போதும் கீழே பார்க்கட்டும். நீளவாட்டில் மிகத் தாழ்வான இடத்தில் மேலே டேப் சுற்றி வாயை அடைக்காதீர்கள். வெட்டாத பைப்பாக இருந்தால் அந்தத் தாழ்வான இடத்தில் அடியில் 4 மி.மீ. துளை ஒன்று, உள்ளே ஒயர் நுழைப்பதற்கு முன்பே போட்டு, பிசிறு எடுத்துவிடுங்கள். இணைப்புகள் அந்தத் தாழ்வில் வரவே கூடாது.

பைப்புக்குள் ஒயரைச் சும்மா விடுவதுதான் பெரிய தவறு. பெரிய பைப்புக்குள் நாலு ஒயர் ஆடினால் பைப்பின் மடிப்புகளிலும், வெட்டு வாயின் கூரிய ஓரத்திலும் இன்சுலேஷன் தேயும். கட்டை 100 மி.மீ.க்கு ஒரு தடவை துணி டேப்பால் இரண்டு சுற்றுக் கட்டி, பிறகு பைப்புக்குள் விட வேண்டும். உங்கள் ஊர்க் காற்றுக்கு முழுவதும் பாதி ஏற்றிச் சுற்றி, அதன் மேல் பைப். பைப் முடியும் வாயில் பைப் மேல் 25 மி.மீ., ஒயர் மேல் 25 மி.மீ. வரும்படி டேப் போட்டால் விளிம்பு ஒயரை அறுக்காது.

அளவு எடுக்க எளிய கணக்கு: கட்டின் விட்டம் என்பது ஒயர் எண்ணிக்கையின் வர்க்கமூலம், பெருக்கல் ஒயரின் வெளிவிட்டம், பெருக்கல் 1.2. எஃப்எல்ஆர்ஒய் 1.5 சதுர மி.மீ. ஒயரின் வெளிவிட்டம் அதிகபட்சம் 2.4 மி.மீ. பன்னிரண்டு ஒயருக்குக் கிட்டத்தட்ட 10 மி.மீ. அதற்கு என்டபிள்யூ 13 பைப் (என்டபிள்யூ என்பது பைப்பின் உள்ளளவைக் குறிக்கும் எண்). சேஸிஸின் ஆறு ஒயருக்கு 7 மி.மீ., என்டபிள்யூ 10 போதும். கட்டு விட்டமும் பைப் அளவும் ஒன்றாக இருந்தால் டேப் சுற்றிய பிறகு வெட்டு வாய் மூடாமல் இளிக்கும்.

#10 கோவை_எலக்ட்ரிக்

பைப் என்ன பிளாஸ்டிக்குன்னு கேட்டு வாங்குங்க. எஞ்சின் ரூமுக்கு நைலான், அதாவது பிஏ6. சூடு தாங்குற ரகம் 125 டிகிரிக்கு மேல போகும். பாலிப்ரொப்பிலீன் 100 டிகிரி வரை. பாலிஎதிலீன் பைப் அதுக்கும் கீழ. கடையில மலிவா கிடைக்கிறது பாதி இதுதான், எஞ்சின் பக்கம் போட்டா தொங்கிப்போகும்.

ஒரு துண்டு வெட்டி இடுக்கியில பிடிச்சு நெருப்பு காட்டுங்க. மெழுகு வாசனையோட சொட்டிச் சொட்டி நிக்காம எரிஞ்சா வேண்டாம். வண்டிக்குள்ள போடுற பொருளுக்கு அமெரிக்காவோட எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதியில எரியுற வேகம் நிமிஷத்துக்கு 102 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. நல்ல பைப் நெருப்பை எடுத்ததும் அணையும்.

முக்கியமான விதிவிலக்கு ஒண்ணு: பேட்டரி பக்கம் நைலான் வேண்டாம். ஆசிட் ஆவி நைலானைத் தின்னும். பேட்டரி ட்ரேக்குப் பக்கத்துல கேபிள் டை தொட்டதும் உடையுறதுக்கும் அதுதான் காரணம். அங்க பாலிப்ரொப்பிலீன் பைப், ரப்பர் வெச்ச தகரக் கிளிப்.

#11 மலைப்பாதை

தெளிவாயிடுச்சு. டேப் எத்தனை ரோல் வாங்கணும்? அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கமா 30 செ.மீ. நீளத்துக்கு ஒயர் போகுது, வேற வழியில திருப்ப முடியலை. வெள்ளியா மினுங்குற ஸ்லீவ் சுத்தினா போதுமா?

#12 ஹார்னஸ்_பலகை

டேப் கணக்கு: 19 மி.மீ. டேப்பைப் பாதி ஏற்றிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் 9.5 மி.மீ. முன்னேறும். 10 மி.மீ. கட்டுக்கு ஒரு மீட்டர் சுற்ற ஏறக்குறைய 3.5 மீட்டர் டேப் போகும். 12 மி.மீ. கட்டுக்கு 4.1, 7 மி.மீ.க்கு 2.5, 6 மி.மீ.க்கு 2.2 மீட்டர்.

உங்கள் டாஷ்போர்டு கட்டு 12 மி.மீ. வரும்: 1.5 மீட்டருக்கு 6 மீட்டர் டேப். கிளைகளைச் சராசரி 6 மி.மீ. என்று வைத்தால் 9 மீட்டர். ஃபிளீஸ் 25 மீட்டர் ரோல் ஒன்று போதும். எஞ்சின் பக்கம் 9, சேஸிஸையும் முழுவதும் சுற்றினால் 8, ஆக 17 மீட்டர். கவட்டை, பைப் வாய், கிளிப் இடம் எல்லாம் சேர்த்தாலும் துணி டேப் 25 மீட்டர் ரோல் ஒன்று சரியாக வரும். என்டபிள்யூ 13 பைப் 3 மீட்டர், என்டபிள்யூ 10 பைப் 3.5 மீட்டர்.

பெயர் தெரியாத டேப் கிடைத்தால் சோதித்து வாங்குங்கள். 8 மி.மீ. கம்பியில் பாதி ஏற்றி 10 செ.மீ. சுற்றி, 100 டிகிரி ஓவனில் ஒரு நாள் வையுங்கள். நுனி எழும்பினாலோ, ஓரத்தில் ஒட்டு கசிந்தாலோ தள்ளிவிடலாம். கார் கம்பெனிகள் செய்வது இதன் கடுமையான வடிவம். ஜெர்மன் கம்பெனிகளின் எல்வி 312 முறையில் ஒயர் மேல் டேப்பைச் சுற்றி 3,000 மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு வளைத்துப் பார்க்கிறார்கள். டேப் நன்றாக இருந்தும் அதன் ஒட்டு உள்ளே ஒயரின் இன்சுலேஷனை விறைக்க வைத்திருந்தால் அந்த ஜோடி தோற்றது. டேப்பும் ஒயரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதை நம் பட்டறைகளில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட்: அலுமினியம் ஒட்டிய கண்ணாடியிழை ஸ்லீவ் கதிர்வீச்சாக வரும் சூட்டைத் திருப்பி அனுப்பும். அது வேலை செய்ய இரண்டு பக்கமும் காற்று வேண்டும். ஒயரில் இறுக்கிப் பிடித்தாலோ, மேனிஃபோல்டில் தொட்டாலோ சூடு நேராக உள்ளே கடந்துவிடும். ஒயர் கட்டைவிட ஸ்லீவ் தளர்வாக, சுற்றிலும் சில மி.மீ. இடைவெளியோடு இருக்கட்டும். மேனிஃபோல்டிலிருந்து 100 மி.மீ. தூரமாவது விட்டுப் பிடியுங்கள், நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தால் ஸ்லீவைவிட அதுதான் அதிகம் காப்பாற்றும். அந்த இடத்தில் காற்றே 120 டிகிரிக்குப் போகும் என்றால் எந்த ஸ்லீவும் உதவாது, நிமிடங்களில் உள்ளேயும் அதே சூடு வந்துவிடும். அந்தத் துண்டு ஒயரையும் எக்ஸ்எல்பிஇ ஆக்குங்கள்.

ஸ்லீவின் வெட்டு நுனியில் அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டு இருக்கும், அது மின்சாரம் கடத்தும். நுனியை உள்ளே மடித்து, டெர்மினலிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

#13 கடலோரம்

எலிக்கு ஏதாவது டேப் இருக்கா? ஒரே ராத்திரியில முழு கட்டையும் கடிச்சு வெச்சிடுது.

#14 கோவை_எலக்ட்ரிக்

டேப்போ பைப்போ, பிளாஸ்டிக்கை எலி கடிக்கத்தான் செய்யும். ஹோண்டா கம்பெனி மிளகாயோட காரச்சத்து சேர்த்த டேப் ஒண்ணு வெச்சிருக்கு. சாதாரண டேப் சுத்தி முடிச்ச பிறகு எலி ஏறுற இடத்துல மட்டும் அதை மேல் சுத்தா போடலாம். கையுறை போட்டுக்கங்க, கண்ணைத் தொடாதீங்க. ஸ்டீல் வலை ஸ்லீவ் போட்டா பல் ஏறாது, ஆனா அதோட நுனிக் கம்பி ஊசி மாதிரி இருக்கும். உள்ள துணி டேப் முழுசா சுத்தாம போட்டா எலி செய்யுறதை அந்தக் கம்பியே செஞ்சிடும்.

#15 ராலி_ஒயர்

ஃபயர்வால் ஓட்டை பத்தி யாரும் சொல்லலை. பிசிறை அரத்தால எடுத்து, பெயின்ட் அடிச்சு, கட்டோட விட்டத்துக்குச் சரியான கிராமெட் (ஓட்டையில மாட்டுற ரப்பர் வளையம்) போடுங்க. கட்டு ஒல்லியா இருந்தா அந்த இடத்துல மட்டும் துணி டேப் சுத்தி விட்டத்தை ஏத்துங்க. எஞ்சின் பக்கத்துல ஒயர் முதல்ல கிராமெட்டுக்குக் கீழ இறங்கி, அப்புறம் ஏறி உள்ள போகணும். நேரா மேலேருந்து வந்தா மழைத்தண்ணி ஒயர் வழியா வழிஞ்சு நேரா ஃப்யூஸ் பாக்ஸுக்கு வரும்.

#16 ஹார்னஸ்_பலகை

ஆம், அது முக்கியம். கூடவே கிளிப். 250 மி.மீ.க்கு ஒன்று, கப்ளருக்கு முன்னால் 100 மி.மீ.க்குள் ஒன்று. நிலையான பாடியிலிருந்து அதிரும் எஞ்சினுக்குத் தாவும் இடத்தில் இரண்டு கிளிப்புக்கு நடுவே ஒரு தளர்வு வளைவு விட வேண்டும், அந்த வளைவில் இணைப்பு வரக் கூடாது. ஸ்டீயரிங் தண்டில் ஒயர் திரும்பும் பகுதியில் டேப்பை இறுக்கிச் சுற்றாதீர்கள். ஒயர்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்க இடம் இருந்தால்தான் தாமிர இழை அறாமல் இருக்கும்.

#17 மலைப்பாதை

ஸ்டார்ட்டர் கேபிள் 35 சதுர மி.மீ. இதே கட்டோட சேர்த்துச் சுத்திடலாமா? ஒரே வழியிலதான் போகுது.

#18 கோவை_எலக்ட்ரிக்

கூடவே கூடாது. அந்தக் கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது. மத்த ஒயர் பாடியில உரசினா ஃப்யூஸ் போகும், அதோட முடிஞ்சது. இது உரசினா பேட்டரி முழுசா தகரத்துல இறங்கும், நெருப்புதான். அதனால வண்டியிலேயே நல்ல பாதுகாப்பு இந்த ஒண்ணரை மீட்டருக்குத்தான் போகணும்.

தனி வழி, தனி பைப். பேட்டரி பக்கம் பாலிப்ரொப்பிலீன், எஞ்சின் பக்கம் நைலான். 200 மி.மீ.க்கு ஒரு ரப்பர் வெச்ச தகரக் கிளிப், போல்ட் போட்டு. இதைக் கேபிள் டையை நம்பித் தொங்க விடாதீங்க. ஸ்டார்ட்டர் முனையில லக் (போல்ட்டுல மாட்டுற வளைய டெர்மினல்) மேல ரப்பர் தொப்பி மாட்டுங்க. லக் கழுத்துல ஒட்டு பூசின ஷ்ரிங்க் 40 மி.மீ. வரட்டும். ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரை இயக்குற காந்த சுவிட்ச்) போற சின்ன ஒயரையும் இந்தப் பைப்புக்குள்ள திணிக்காதீங்க. கேபிள் உரசி அதோட இன்சுலேஷன் தேஞ்சு ரெண்டும் சேர்ந்தா, சாவி எடுத்த பிறகும் ஸ்டார்ட்டர் சுத்திக்கிட்டே இருக்கும்.

எல்லாம் மாட்டினதும் பேட்டரி நெகட்டிவ் முனையை இணைக்காம, அதுக்கும் நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவுல 21 வாட் பல்பு ஒண்ணை வெச்சு, எல்லா சுவிட்சும் ஆஃப்ல வெச்சுப் பாருங்க. பல்பு எரிஞ்சா எங்கேயோ பாடியில படுது. அதைக் கண்டுபிடிச்ச பிறகுதான் பைப் வாய்க்குக் கடைசி டேப் சுத்தணும்.

#19 மலைப்பாதை

சரிங்க அண்ணா. கேபிளைத் தனியா எடுத்துட்டேன். டெம்பரேச்சர் சென்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், எக்ஸாஸ்ட் பக்கத் துண்டு மூணுக்கும் எக்ஸ்எல்பிஇ ஒயர் வாங்கிட்டு வந்து அப்புறம் சுத்த ஆரம்பிக்கிறேன்.